அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் நீடிக்கும் முதுகுவலி: மருந்துகளால் எவ்வளவு முடியும்?

முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் சில வாரங்களிலேயே வலி குறைந்து பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் காயம் ஆறி, தையல் பிரித்து, ஸ்கேனிலும் குறையொன்றும் இல்லை என்று சொல்லப்பட்ட பின்னரும் இடுப்பிலோ காலிலோ வலி விடாமல் தொடர்பவர்களின் எண்ணிக்கையும் சிறியதன்று. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டாலும், இடுப்புப் பகுதியில் இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வலி நீடிக்கிறது என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. இவர்களில் பலர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், மருந்துச் சீட்டில் எழுதப்பட்ட மாத்திரைகளை நம்பியே நாளைக் கடத்துகிறார்கள். அந்த மாத்திரைகள் உடலுக்குள் என்ன செய்கின்றன, அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லப் பெரும்பாலான மருத்துவமனைகளில் நேரம் வாய்ப்பதில்லை.

இந்த நிலைக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் 'தோல்வியுற்ற முதுகு அறுவைச் சிகிச்சை' என்ற பொருள்படும் பெயரையே வழங்கிவந்தது. கத்தி பிடித்தவர் தவறிழைத்தார் என்றோ, நோயாளியின் உடல் ஒத்துழைக்கவில்லை என்றோ எண்ண வைக்கும் அந்தப் பெயர் யாருக்கும் உதவவில்லை. 2021-இல் வல்லுநர் குழு ஒன்று அதைக் கைவிட்டு, 'நீடித்த முதுகெலும்பு வலி நோய்க்குறி, இரண்டாம் வகை' என்ற பெயரை முன்மொழிந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப் பட்டியலும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் 3 மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலியைத் தனி நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டது. பெயர் மாறுவதால் வலி குறைந்துவிடாது என்பது உண்மை. ஆனாலும், நீடித்த வலி தன்னளவிலேயே சிகிச்சைக்குரியது என்று ஒப்புக்கொள்வது, 'ஸ்கேன் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்குப் பெரிய விஷயம்.

வலி ஏன் நீடிக்கிறது? 1934-இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசஃப் பார் ஆகிய இருவரும், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி உண்டாகிறது என்பதையும், பிதுங்கிய பகுதியை அகற்றினால் அது தீரக்கூடும் என்பதையும் விளக்கினார்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்ற அந்த எண்ணத்தின் மேல்தான் இன்றைய முதுகு அறுவைச் சிகிச்சைகளில் பெரும்பகுதி நிற்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது. சரியாக வராத இடங்களில் காரணங்கள் பல. அதே டிஸ்க் மறுபடியும் பிதுங்கியிருக்கலாம். நரம்பு செல்லும் வழி இன்னும் குறுகலாகவே இருக்கலாம். திருகாணி வைத்து இணைத்த எலும்புகள் ஒட்டாமல் போயிருக்கலாம். இணைத்த பகுதி அசையாததால், அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் சுமையைத் தாங்கித் தேய்ந்திருக்கலாம். நரம்பு வேரைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல், மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய பின்னும் பழுதுபட்டே இருக்கலாம். மிதித்த காலை எடுத்துவிட்டாலும், மிதிபட்ட தண்டு உடனே நிமிர்ந்துவிடுவதில்லை.

மருந்தைப் பொறுத்தவரை, வலியின் காரணத்தைப் போலவே அதன் இயல்பும் முக்கியமானது. தசையும் மூட்டும் எலும்பும் நோவதால் எழும் வலி ஒரு வகை. குனியும்போதும் எழும்போதும் இடுப்பில் பிடித்துக்கொள்வது, நெடுநேரம் நின்றால் மந்தமாகக் கடுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். நரம்பே பழுதடைந்ததால் எழும் வலி வேறு மாதிரியானது: எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ஷாக் அடித்தது போலக் கால்வரை சுரீரென்று இறங்குவது, மரத்துப்போன இடத்திலேயே வலிப்பது, போர்வை பட்டாலே தாங்க முடியாமல் போவது. மூன்றாவதாக, வலியை உணரும் அமைப்பே மிகைப்பட்டுவிடும் நிலையும் உண்டு. 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப், தொடர்ந்த வலித் தூண்டலுக்கு உள்ளான தண்டுவட நரம்புச் செல்கள் பிறகு சிறு தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டுவதை விலங்குச் சோதனையில் நிறுவினார். இப்படிப்பட்ட வலி கற்பனையன்று, நடிப்புமன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் முதுகுவலியில் இந்த மூன்றும் பெரும்பாலும் கலந்தே இருக்கின்றன; ஒரே மாத்திரை எல்லாவற்றையும் அடக்காததன் முதன்மைக் காரணம் இதுவே.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, இரு தொடைகளின் உட்பகுதியும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் பலமிழந்துகொண்டே வருவது ஆகியவை தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரத் தாமதம்கூட விலை அதிகமானது. காய்ச்சலோடு முதுகுவலி கூடினால் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பின்னர் சொல்லப்போகும் நரம்பு வலி மருந்தான அமிட்ரிப்டிலினும், மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகளும் தாமாகவே சிறுநீர் இறங்குவதைக் கடினமாக்கக்கூடியவை என்பதால், 'மாத்திரையால்தான் இப்படி' என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு காத்திருக்கும் ஆபத்து இங்கே உண்மையாகவே இருக்கிறது. அந்த முடிவை மருத்துவர் பரிசோதித்த பிறகே எடுக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கை நீட்டுவது பாராசிட்டமாலையும் இபுபுரோஃபென், நாப்ராக்ஸன், டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகளையும்தான். நாள்பட்ட முதுகுவலியில் பாராசிட்டமாலின் பயன் மிகக் குறைவு; ஆஸ்திரேலியாவில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், புதிதாக வந்த முதுகுவலிக்கே அது, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட விரைவான குணத்தைத் தரவில்லை. மற்ற மருந்துகளோடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதால், அறியாமலேயே வயது வந்தோருக்கான நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டிவிடுவது எளிது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு. வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் மூட்டும் தசையும் சார்ந்த வலிக்குச் சில நாட்கள் கைகொடுக்கும், நரம்பு வலிக்கு ஏறக்குறைய உதவுவதில்லை. நெடுநாள் எடுத்தால் இரைப்பையில் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு, மாரடைப்பு அபாயம் ஆகியவை உண்டு. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் ஏற்கெனவே எடுப்பவர் இதையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை வீழ்த்திவிடலாம். எலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இவை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்துமோ என்ற ஐயமும் தீரவில்லை. அதனால் அறுவைச் சிகிச்சை செய்தவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது.

நரம்பு வலிக்கென்று எழுதப்படும் மருந்துகளின் கதை சற்று விசித்திரமானது, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை முதலில் வலிக்காக உருவாக்கப்பட்டவையே அல்ல. கபாபென்டின் 1993-இல் வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது; ப்ரீகபாலின் அதன் பின்வந்த உறவினர். அமிட்ரிப்டிலினும் டூலோக்ஸெட்டினும் மனச்சோர்வு மருந்துகள். மருந்துக் கடையில் பெட்டியைப் பார்த்தோ இணையத்தில் தேடியோ இதைத் தெரிந்துகொள்ளும் நோயாளி, 'என் வலி மனதில்தான் இருக்கிறது என்று மருத்துவர் நினைக்கிறார்' என்று புண்பட்டு மாத்திரையை ஓரமாக வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வரி விளக்கம் அந்த மனத்தாங்கலைத் தவிர்த்துவிடும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் நம் உடலிலேயே இருக்கின்றன. அவை வேலை செய்யத் தேவையான நார்அட்ரீனலின், செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களை இந்த மருந்துகள் நரம்பிணைப்புகளில் அதிக நேரம் தங்க வைக்கின்றன. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அதனால் வலி குறைகிறது. அமிட்ரிப்டிலின் விஷயத்தில், மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவே, இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி, பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. கபாபென்டினும் ப்ரீகபாலினும் வேறு வழியில் செல்கின்றன. நரம்பு முனையில் உள்ள கால்சியம் வாயில்களின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு, பழுதுபட்ட நரம்பு வெளியிடும் வலிச் செய்தியின் அளவைக் குறைப்பதே அவற்றின் வேலை.

இவை எந்த அளவுக்குப் பலன் தருகின்றன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல் நன்னா ஃபின்னரப் தலைமையில் வெளியான தொகுப்பாய்வு, பலவகை நரம்பு வலிகளுக்கான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரை தருவதைவிடக் கூடுதலாக ஒரே ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து தர வேண்டும் என்ற கணக்கில், அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6, டூலோக்ஸெட்டின் வகைக்கு 6.4, ப்ரீகபாலினுக்கு 7.7 என்று அது கண்டது. அதாவது, மிகச் சிறந்தவை என்று கருதப்படும் மருந்துகளும் பெரும்பாலானோருக்கு வலியைப் பாதியாக்குவதில்லை. அந்தச் சோதனைகளில் நிறையவும் நீரிழிவு, அக்கி போன்றவற்றால் வந்த நரம்பு வலியைப் பற்றியவை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியில் நிலைமை இன்னும் மங்கலானது: 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், அத்தகைய வலியுள்ள 209 பேரில் ஒரு பாதியினருக்கு ப்ரீகபாலினும் மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன, 8 வாரங்களில் இரு குழுக்களின் கால்வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை, தலைசுற்றல் மட்டும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதல். அந்த ஆய்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியைக் குறித்து நடந்ததன்று. நரம்பு பழுதடைந்ததற்கான தெளிவான அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இம்மருந்தை முயன்று பார்ப்பதில் தவறும் இல்லை. ஆனால் முயற்சி என்பதை முயற்சியாகவே நடத்த வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நீடித்த வலிக்காக எழுதப்படும் எந்த மருந்தும், அந்த ஒரு நோயாளியைப் பொறுத்தவரை, ஒரு சோதனை. தொடங்கும்போதே எதை அடைய விரும்புகிறோம், எத்தனை வாரம் பார்ப்போம், பலனில்லாவிட்டால் எப்படி இறக்குவோம் என்ற மூன்றும் பேசி முடிவாக வேண்டும். நரம்பு வலி மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கி, பக்க விளைவைப் பார்த்துக்கொண்டே சில நாட்களுக்கு ஒருமுறை ஏற்றி, தாங்கக்கூடிய போதுமான அளவை எட்டியபின் நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மூன்றாம் நாளே 'கேட்கவில்லை' என்று விடுவதும் தவறு. கேட்காத மருந்தை மூன்றாம் ஆண்டும் வாங்கிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தவறு, அதுவே அதிகமாகவும் நடக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு புதிய மருந்துகளைத் தொடங்கினால் நன்மையும் தீமையும் எதனால் வந்தன என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும். பலன் என்றால் என்ன என்பதிலும் நேர்மை வேண்டும். பூஜ்யம் முதல் 10 வரையிலான அளவுகோலில் சுமார் 2 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 30 சதவீதக் குறைவு, நோயாளிகளே 'நன்றாகத் தேறியிருக்கிறது' என்று உணரும் அளவு என்பது 2001-இல் நடந்த ஓர் ஆய்வின் முடிவு. அந்த எண்ணோடு, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறோம் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த சந்திப்பில் 'பரவாயில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக மருத்துவருக்கு உண்மையான தகவல் கிடைக்கும்.

பக்க விளைவுகளில் சில, முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு மற்றவர்களைவிட அதிக ஆபத்தானவை. கபாபென்டினும் ப்ரீகபாலினும் தரும் தலைசுற்றலும் தள்ளாட்டமும், ஏற்கெனவே ஒரு கால் பலவீனமாக உள்ளவரைக் கீழே விழவைக்கலாம். உடல் எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவையும் உண்டு. இரண்டும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் கட்டாயம் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், காலையிலும் தூக்கக் கலக்கத்தை மிச்சம் வைக்கும்; இதயத் துடிப்புக் கோளாறு, கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. டூலோக்ஸெட்டின் தொடக்கத்தில் குமட்டலைத் தரும், அதைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். தசை இறுக்கத்துக்குத் தரப்படும் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில நாட்களுக்கு மேல் அவற்றுக்கு ஆதாரம் மெலிது, தூக்கமும் தள்ளாட்டமும் நிச்சயம்.

ஓபியாய்டு மருந்துகளிடம் வரும்போது நிதானம் தேவை, ஏனெனில் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் அளவுக்கு மீறிய அச்சமும் மாறிமாறி இங்கே நோயாளிகளைப் பலி வாங்கியிருக்கின்றன. 1980-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்தபோது ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் 4 பேர் மட்டுமே அதற்கு அடிமையானார்கள் என்றது அது. மருத்துவமனைக் கண்காணிப்பில் எடுக்கப்பட்ட அந்தக் கணக்கு, வீட்டில் மாதக்கணக்கில் எடுப்பவருக்கும் பொருந்தும் என்பதுபோல நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது. 1990-களின் நடுப்பகுதி முதல் அமெரிக்காவில் ஆக்ஸிகோடோன் போன்றவை நாள்பட்ட முதுகுவலிக்கும் தாராளமாக எழுதப்பட்டன. அதன் விளைவாக நேர்ந்த உயிரிழப்புகளை உலகம் அறியும். 2017-இல் அந்த இதழ், கடிதம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்ற குறிப்பை அதன் மேலேயே சேர்க்க வேண்டியதாயிற்று.

ஓபியாய்டின் நீண்ட காலப் பலனை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2018-இல்தான் வந்தது. நாள்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு வலியோ உள்ள 240 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு ஓபியாய்டும் மற்றதற்கு ஓபியாய்டு அல்லாத வலி மருந்துகளும் தந்து 12 மாதங்கள் பின்தொடர்ந்த எரின் கிரெப்ஸ் குழுவினர், அன்றாடச் செயல்பாட்டில் ஓபியாய்டு பெற்றவர்கள் மற்றவர்களைவிட எந்த வகையிலும் மேம்படவில்லை என்றும், வலியின் அளவு ஓபியாய்டு இல்லாத குழுவில் சற்றுக் குறைவாகவே இருந்தது என்றும் கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. உடல் மருந்துக்குப் பழகப் பழக அதே அளவு அதே நிவாரணத்தைத் தருவதில்லை. சிலருக்கு மருந்தே நரம்பு மண்டலத்தைக் கூர்மையாக்கி வலியைக் கூட்டுகிறது. மற்றப் பக்க விளைவுகளுக்கு உடல் பழகிக்கொண்டாலும் மலச்சிக்கலுக்கு மட்டும் பழகுவதில்லை. முக்கி முக்கி மலம் கழிப்பது முதுகில் தையலும் திருகாணியும் உள்ளவருக்கு எவ்வளவு வேதனை என்பதை எண்ணினால், மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுதாதது பெரும் கவனக்குறைவு என்றே சொல்வேன்.

டிரமடாலை 'லேசான' ஓபியாய்டு என்று கருதுவது பரவலான பிழை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வலிமையான பொருளாக மாற்றினால்தான் அதன் முழு விளைவு கிடைக்கும். மரபு வேறுபாட்டால் அந்த நொதி சிலரிடம் மந்தமாகவும் சிலரிடம் மிக வேகமாகவும் இருப்பதால், ஒரே அளவு ஒருவருக்கு ஒன்றுமே செய்யாமலும் இன்னொருவருக்கு மூச்சை மந்தப்படுத்தியும் விடலாம். நாளொன்றுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வலிப்பு வரலாம். டூலோக்ஸெட்டினோடோ அமிட்ரிப்டிலினோடோ சேரும்போது செரோட்டோனின் மிகைப்பட்டு நடுக்கம், காய்ச்சல், குழப்பம் உண்டாகலாம். முதுகுவலிக்காக இந்த மருந்துகள் ஒரே சீட்டில் இடம்பெறுவது அரிதன்று என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். இதைவிடக் கொடிய சேர்க்கை, ஓபியாய்டோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்வது. ப்ரீகபாலினும் கபாபென்டினும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை அடக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது. இரவில் உறங்கும்போது மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, குறைந்த அளவில், கண்காணிப்போடு தரப்படும் ஓபியாய்டு படுக்கையிலிருந்து எழுந்து நடக்கும் வலுவைத் தருகிறது என்பதையும் மறுக்க முடியாது. அவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவது கொடுமை. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு: முன்னது மருந்தை மாதக்கணக்கில் எடுக்கும் எவருக்கும் நேரும்; பின்னது, கேடு வருவது தெரிந்தும் மருந்தைத் தேடி ஓடும் கட்டுப்பாடற்ற நிலை. 2016-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், எடுக்கும் ஓபியாய்டை அதற்கு ஈடான மார்ஃபின் அளவாக மாற்றிய கணக்கில் நாளொன்றுக்கு 50 மில்லிகிராமிலிருந்தே கூடுதல் கவனம் வேண்டும், 90-ஐத் தவிர்க்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை வெளியிட்டபோது, பல இடங்களில் அது கறாரான சட்டம்போலப் பின்பற்றப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மருந்தெடுத்தவர்களுக்குச் சட்டென்று நிறுத்தப்பட்டது. கடும் விலகல் துன்பமும் தற்கொலை எண்ணங்களும் பதிவாகி, 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் திடீர் நிறுத்தத்துக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. 2022-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல், அந்த எண்களைக் கறாரான எல்லையாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவுபடுத்தி, ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதமோ அதைவிட மெதுவாகவோ குறைப்பதே தாங்கக்கூடியது என்றது.

குறைக்கத் தொடங்குபவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில நாட்களுக்கு வலி கூடும்; அதோடு வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற நோவு ஆகியவையும் வந்தால், அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவு; பழைய முதுகு நோய் முற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்காததால்தான் பலர் முதல் வாரத்திலேயே அஞ்சிப் பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள். அப்படியொரு வாரம் வந்தால், அடைந்த அளவிலேயே சில வாரங்கள் நின்று, உடல் அடங்கிய பிறகு அடுத்த படியை எடுக்கலாம். இறங்கும் காலத்தில் உடற்பயிற்சி சிகிச்சையும் தூக்கத்துக்கான கவனிப்பும் கூடவே நடந்தால் படிகள் எளிதாகின்றன. அளவு குறைந்துள்ள நிலையில் ஒரு மோசமான இரவில் பழைய அளவை ஒரேயடியாக விழுங்கிவிடுவது மட்டும் கூடவே கூடாது; முன்பு தாங்கிய அந்த அளவு, பழக்கம் விட்டுப்போன உடலில் மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஆகவே, ஒவ்வொரு படியிலும் மிஞ்சும் பழைய மாத்திரைகளை அலமாரியில் வைத்துக்கொள்ளாமல் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.